மெர்வின் பாஸ்கோவின் கடைசி வெள்ளாமை

மெர்வின் பாஸ்கோ இறந்த நான்காம் நாள் காலையில் மிஷின் சத்தம் கேட்டுத்தான் அவருடைய மகள் ராஸ்லின் கண்விழித்தாள். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வீட்டுக்கு எதிரே இருந்த கோதுமைப் புஞ்சையில் அறுப்பு மிஷின்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து நிலத்துக்காரர் லெஸ் ஹென்ஸ்கியின் பச்சை மிஷின், அவர் தம்பியின் சிவப்பு மிஷின், ஆற்றங்கரைக்காரர்களுடையது என்று கராபின் என்ற அந்த ஊரே திரண்டு வந்திருந்தது. நடுவில் ஒன்று ராஸ்லினுடையது. அதை யாரோ ஒரு பொடியன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் இது வழக்கம். அறுப்பு நேரத்தில் ஒரு விவசாயி செத்துப்போனால், அக்கம்பக்கத்தார் தங்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு மிஷினும் லாரியுமாக வந்து ஒரே நாளில் அவர் வெள்ளாமையை அறுத்துக் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள். யாரும் கூப்பிடவும் வேண்டாம், கூலி கொடுக்கவும் வேண்டாம். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல வாய் வராது. ஆனால் வெள்ளாமை செய்த ஆள் செத்திருக்க வேண்டும் அல்லவா? இங்கே வெள்ளாமை செய்த ஆள் உயிரோடு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

மெர்வினுக்கு நடுப்பார்வை போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஓரத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரியும், எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. அன்றிலிருந்து உழுததும் விதைத்ததும் மருந்தடித்ததும் அறுத்ததும் ராஸ்லின்தான். அவர் மிஷினில் பக்கத்துச் சின்ன இருக்கையில் உட்கார்ந்து வருவார். ரோட்டோரம் வருவதற்கு முன்னால், "நிறுத்தும்மா" என்பார். அவள் நிறுத்துவாள். இருவரும் இடம் மாறி உட்காருவார்கள். ரோட்டில் போகிறவர்கள் கை தூக்கினால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மெர்வினும் ஒரு விரலைத் தூக்குவார். ஒரு கையால் அடியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்புவது அவளாக இருக்கும். திருப்பம் தாண்டியதும் மறுபடி இடம் மாறுவார்கள்.

மதுக்கடையில் அவர், "இந்த வருஷம் நான் சீக்கிரமே விதைச்சிட்டேன்" என்று சொல்வார். வீட்டுக்கு வந்து, "எப்ப விதைச்சோம் ராஸ்? கேட்டானுங்க, தப்பாச் சொல்லிட்டேனோ?" என்பார். பாவம், மனுஷனுக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். அந்த இரக்கத்துக்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அம்மா நோலா முட்டை சான்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மெல்போர்னிலிருந்து வந்திருந்த தம்பி ட்ரெவர், வீடு விற்றுக் கொடுக்கிறவர்களுக்கே உரிய அந்தச் சிரிப்போடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என் மிஷின் சாவி எங்கடா?"

"லெஸ்கிட்ட கொடுத்தேன். அவரு போன் பண்ணிக் கேட்டாரு, வரலாமான்னு. வாங்கன்னேன். நீ ரெஸ்ட் எடு, அக்கா."

"உன்கிட்டயா கேட்டாரு? எங்கிட்ட கேக்கலையா?"

"யார்கிட்ட கேட்டா என்ன? நல்லதுதானே செய்யறாங்க."

"கிழக்குப் புஞ்சையைத் தொட வேணாம்னு சொன்னியா? நேத்தே உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அது விதைக்குன்னு."

ட்ரெவர் தேநீரைக் கீழே வைத்தான். "அட. மறந்தே போச்சு."

கிழக்குப் புஞ்சையில் இருந்தது கடையில் வாங்கிய விதை இல்லை. பெரிய வறட்சி வருஷத்தில் ஊர் முழுக்கக் கருகியபோது, அவள் நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் மட்டும் நின்றன. காம்பு சிவந்த கதிர்கள். அவற்றை மடியில் பறித்து வந்து தோட்டத்தில் போட்டாள். அடுத்த வருஷம் அதிலிருந்து ஒரு பாத்தி, அதற்கடுத்து ஒரு மூலை, இந்த வருஷம்தான் ஒரு புஞ்சை. கலப்புக் கதிரை எல்லாம் வெயிலில் நடந்து நடந்து கையால் பிடுங்கியிருந்தாள். அப்பா போன பிறகு நிலம் அம்மாவுக்கு. அதை என்னிடம் கொடு, நான் விதைக்கிறேன் என்று அம்மாவிடம் கேட்க அவளிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் புஞ்சைதான். நிலத்தை லெஸ்ஸிடம் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பது ட்ரெவரின் யோசனை. எதுவானாலும் அடக்கத்துக்கு அப்புறம் சொல்கிறேன் என்றிருந்தாள் நோலா.

ராஸ்லின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். கிழக்குப் புஞ்சையில் பாதிக்கு மேல் அறுத்த தாள்தான் நின்றது. வந்துகொண்டிருந்த மிஷினுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் வீசினாள். மிஷின் நின்றது. லெஸ் இறங்கி வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் வியர்வை நாற்றத்தோடு அவளை அணைத்துக்கொண்டார்.

"அழும்மா. நல்லா அழுதுடு. அடக்கி வைக்காத."

"நான் அழல லெஸ். இது விதை. அறுக்காதீங்க. தனியா எடுத்து வைக்கணும்."

"சரிம்மா, சரி. ஒண்ணையும் யோசிக்காத. மெர்வ் ஒரு கதிரைக் கூட வீணாக விட மாட்டான். நாங்களும் விட மாட்டோம்."

"அறுத்த வரைக்கும் எங்க?"

"லாரியில ஏத்தி, மத்த கோதுமையோட ஒண்ணாச் சேர்ந்து கிடங்குக்குப் போயாச்சு." அவள் தோளைத் தட்டினார். "ராஸ், பொம்பளைங்க எல்லாம் சாப்பாடு எடுத்துக்கிட்டு வர்றாங்க. அம்மாவுக்குக் கூடமாட இரு. போ."

பின்னால் நின்ற மற்ற மிஷின்காரர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். துக்கத்தில் பெண் என்னமோ பிதற்றுகிறாள் என்று அவர்களுக்குப் பட்டது. இத்தனை பேர் இரக்கத்தோடு பார்க்கும்போது ஒரு மனுஷி எப்படிக் கத்துவாள்? அவள் ஓரமாக நகர்ந்தாள். மிஷின் மிச்சத்தையும் தின்றுவிட்டுப் போனது.

திங்கட்கிழமை அடக்கம். தேவாலயத்தில் பெட்டியின் மேல் கோதுமைக் கதிர்க் கட்டு ஒன்று வைத்திருந்தார்கள். காம்பு சிவந்த கதிர்கள். வேலி மூலையில் மிஷின் எட்டாமல் நின்றதை ட்ரெவர் ஆசையாக அறுத்துக் கட்டியிருந்தான். "அப்பாவோட கடைசி வெள்ளாமை" என்று ரிப்பனில் எழுதியும் வைத்திருந்தான். ராஸ்லின் கை எட்டும் தூரத்தில்தான் நின்றாள். ஒரு பிடி போதும், ஒரு பாத்திக்கு ஆகும். ஆனால் பெட்டி மேலிருந்து எடுப்பது எப்படி, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது? கல்லறையில் பெட்டியோடு கதிர்க் கட்டும் இறங்கியது. ஆறடி ஆழத்தில் எந்தக் கோதுமையும் முளைக்காது.

பிறகு ஊர் மண்டபத்தில் தேநீர். லெஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மெர்வ் மாதிரி குடும்பஸ்தன் கிடையாது. மெர்வ் மாதிரி விவசாயியும் கிடையாது. கடைசி வருஷம் அவன் விதைச்ச வரிசையைப் பாத்தீங்கல்ல? நூல் பிடிச்ச மாதிரி. எனக்குக் கண்ணாடி போட்டும் அப்படி வராது."

எல்லாரும் சிரித்தார்கள். விதைத்தது யார் என்று தெரியாதா அவர்களுக்கு? பக்கத்து இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்தவளை ரோட்டிலிருந்து ஒருவரும் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார்கள். மெர்வின் விரல் தூக்கியதால் பதிலுக்கு விரல் தூக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அதுதான் மரியாதை.

"நோலா, நீங்க சொல்லுங்க. இவ்வளவும் எப்படித்தான் செஞ்சான்?"

ஒலிபெருக்கி நோலா கைக்குப் போனது. ராஸ்லின் கையில் தேநீர்ப் பாத்திரத்தோடு சுவரோரம் நின்றாள். ஒரு வார்த்தை. ராஸ் கூட இருந்தா என்று சொன்னால் கூடப் போதும். நோலா மகளைத் தேடிப் பார்த்தாள், கண்டும் பிடித்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாம் அவரு கைப்பாடுதான்" என்றாள். "கடைசி வரைக்கும் யாரையும் எதிர்பாக்கல."

கைதட்டல் மண்டபத்தின் தகரக் கூரையில் மோதியது.

அம்மா மண்டபத்துச் சமையலறைக்கு வந்தபோது ராஸ்லின் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரார் கொண்டுவந்த தட்டுகள். மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். எல்லாம் வீட்டு ஆம்பிளைகளின் பெயர்.

"ஏம்மா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நீ செஞ்சேன்னு சொன்னா, இத்தன வருஷம் அவரு ஊர்ல பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாருன்னு ஆகும். செத்தவரைப் பொய்யராக்கணுமா?"

"உயிரோட இருக்கிறவ நான்தாம்மா."

நோலா ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த தட்டைத் துடைத்தாள். "லெஸ்கிட்ட குத்தகைக்குச் சரின்னுட்டேன். உனக்கும் அம்பத்திரண்டு ஆச்சு. தனிப் பொம்பள அவ்வளவு நிலத்தை வச்சு என்ன பண்ணுவ?"

பத்து வருஷமாக என்ன பண்ணினாளோ அதைத்தான் பண்ணுவாள். அதைக் கேட்க அங்கே அம்மா இல்லை. துணியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ராஸ்லினுக்கு முதல் தடவையாகச் செத்த அப்பா மேல் ஆத்திரம் வந்தது. வந்ததும் நன்றாகத்தான் இருந்தது.

சற்று நேரம் கழித்து லெஸ் கதவோரம் வந்து நின்றார். கையில் தொப்பி. கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"ராஸ், ஒண்ணு கேக்கணும். அந்தக் கிழக்குப் புஞ்சை. என் ஆயுசுல அப்படி ஒரு விளைச்சலைப் பாத்ததில்ல. மழையே இல்லாம. அது என்ன ரகம்? மெர்வ் விதையை எங்க பிடிச்சான்? வர்ற வருஷம் நானும் அதையே போடலாம்னு பாக்கறேன்."

அவள் கையிலிருந்த தட்டைத் திருப்பினாள். அடியில், அம்மாவின் கையெழுத்தில், மெ. பாஸ்கோ. பிளாஸ்திரியை நகத்தால் நெம்பினாள். ஓரம் மட்டும்தான் வந்தது.

"அவரு விதைச்சதுதானே லெஸ்?" என்றாள். "கல்லறை பக்கத்துலதான் இருக்கு. அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

லெஸ் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வருஷத்தில் அந்த முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றுதான். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அவள் அடியில் லெஸ் ஹென்ஸ்கி என்று எழுதிய தட்டைத் தேடி எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.