தகடு வெட்டாமல்

"வெட்டாம முடியாது" என்றார் சுத்தியல். கையிலிருந்த டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. வண்டியின் பின்பக்க மட்கார்டை ஒற்றை விரலால் தட்டிக் காட்டினார். "இந்த வளைவுல ஒரு அங்குலம் எடுத்தாத்தான் அந்தப் பெரிய ரிம்மு உள்ள போகும். முப்பது வருஷமா தகடு தட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையில் சுத்தியல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அது மறந்தே போய்விட்டது. இவ்வளவையும் அவர் தம்பி மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். அவளை வீட்டிலும் குடும்பத்து டயர் கடையிலும் சின்னவள் என்பார்கள். எட்டு வருடமாகப் பஞ்சர் தொட்டியின் பக்கத்தில் குந்தி, தண்ணீரில் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ரிம் மாற்றுவதெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். அங்கே சுத்தியல் வைத்ததுதான் சட்டம்.

வண்டி மாமனாருடையது. இருபத்தாறு வருடம் ஊரார் லாரியை ஓட்டிவிட்டுத் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே கார். உருண்டை விளக்கு, அகல மூக்கு, நாலு கதவு. சாவியை ஒரு தடவை திருகினால் போதும், இன்ஜின் எழுந்துவிடும். ஆனால் அந்தச் சின்ன அளவு டயர் இப்போது எந்தக் கடைக்கும் வருவதில்லை. போட்டிருந்த நாலும் பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி ஆகிவிட்டன. இரண்டு வருடமாக வண்டி மரக்கட்டையின் மேல்தான் நின்றது.

"பெரிய ரிம்மு போடுங்க, வேணாங்கல" என்றார் மாமனார். "ஆனா என் வண்டித் தகட்டுல கட்டர் பட்டுச்சு, அப்புறம் அது கட்டை மேலயே நிக்கட்டும்."

"வெட்ட வேணாம் மாமா. நான் போட்டுத் தர்றேன்" என்றாள் சின்னவள்.

அவள் கணவன் காற்றுக் குழாயைப் பிடித்தபடி அண்ணனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு பழகியவன், குழாயோடு அடுத்த டயருக்கு நகர்ந்துவிட்டான்.

சுத்தியல் சிரித்தார். "சரிம்மா, போடு. வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் ஏறி, தெரு முனை வேகத்தடையில வண்டி ஏறி இறங்கட்டும். உரசலைன்னா இனிமே ரிம்மு வேலை மொத்தமும் உன்னோடது. நான் அந்தக் கதவுப் பக்கமே வரமாட்டேன். உரசுச்சுன்னா தொட்டியோட இரு. ரிம்முன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"சம்மதம் அத்தான்."



அவள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. பழைய சக்கரத்தைத் தரையிலிருந்து டயர் உச்சிவரை நாடா வைத்து அளந்தாள். ரிம் இரண்டு அங்குலம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் மேலும் கீழும் ஒவ்வொரு அங்குலம் குட்டையாக வேண்டும். அப்போது மொத்த உயரம் அப்படியே நிற்கும். அதற்கேற்ற டயரைத் தேடிப் பிடித்தாள். ரிம் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே நாலு அலுமினிய வளையங்களும் இருந்தன, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கிற வளையம். நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்து நட்டைப் பூட்டினாள்.

வண்டி ஜாக்கியில் தூக்கி நின்றது. ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினாள். எங்கேயும் இடிக்கவில்லை. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். வெண்ணெயாகத் திரும்பியது.

"எல்லாரும் வாங்க!" என்று சத்தம் போட்டாள்.

மாமனார் முன்சீட்டில் ஏறினார். பின்னால் மாமியார், சுத்தியல், சுத்தியலின் மனைவியான ஓரகத்தி. கடையைப் பார்த்துக்கொள்ள அவள் கணவன் நின்றுகொண்டான். மாமியார் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டுத் தணிந்தது.

"அம்மா ஏறினதும் வண்டியே வணக்கம் வைக்குது பாரு" என்றார் சுத்தியல்.

"உன்னைப் பத்து மாசம் சுமந்தேனே, என் இடுப்பு வணக்கமா வச்சுது? மூடிட்டு உக்காரு" என்றாள் மாமியார்.

சின்னவள் ஓட்டினாள். முன்சக்கரங்கள் வேகத்தடையில் ஏறி இறங்கின. சத்தமில்லை. பின்சக்கரங்கள் இறங்கியதும் கேட்டது. கர்ர்ரக். கூடவே ரப்பர் கருகிய வாடை.

மாமனார் இறங்கிப் பார்த்தார். டயரின் வெளித்தோள் பட்டையாகச் சீவப்பட்டிருந்தது. மட்கார்டு விளிம்பில் கறுப்புக் கோடு. அவர் தன் வேட்டி நுனியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுக் கடைக்கு நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் இறங்குவதற்குள் சுத்தியல் கட்டருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்தான்."

"எதுக்கு? அழுவுறதுக்கா?"

"அழுவுறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். மிச்சம் வேலைக்கு."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

தன் தப்பு எதுவென்று அவளுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. எட்டு வருடத்தில் அவள் பார்த்த சக்கரமெல்லாம் கழற்றிக் கைக்கு வந்தது, இல்லை ஜாக்கியில் தொங்கியது. பாரம் சுமக்கும் சக்கரத்தை அவள் உற்றுப் பார்த்ததே கிடையாது. தொங்கும்போது இடிக்காதது, ஆள் ஏறினால் இடிக்கும். அதனால் பாரத்தோடுதான் அளக்க வேண்டும். ஆனால் ஓடுகிற வண்டியின் மட்கார்டுக்குள் எந்தக் கையை விட்டு அளப்பது?

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஓடினாள். ஓரகத்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் பாதியை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏய், நாலு பேர் சாப்பாடுடி அது!" என்று ஓரகத்தி பின்னாலேயே வந்தாள்.

"இன்னைக்கு வண்டி சாப்பிடட்டும் அக்கா."

மாவை உருண்டை பிடித்து மட்கார்டு விளிம்பின் உள்பக்கம் ஒட்டினாள். சக்கரத்தின் மறுபக்கம், அடித்தகட்டிலும் உருண்டைகளை அப்பினாள். மறுபடி எல்லோரையும் ஏற்றினாள். முனகிக்கொண்டே ஏறினார்கள். வேகத்தடையில் நத்தையாக ஏற்றி இறக்கித் திரும்பி வந்தாள். படுத்துக்கொண்டு பார்த்தாள்.

வெளியே மட்கார்டு விளிம்பில் ஒட்டிய மாவு வழித்தெடுத்த மாதிரி போயிருந்தது. உள்ளே அடித்தகட்டில் ஒட்டிய மாவோ இரண்டு விரல் கனத்துக்கு அப்படியே இருந்தது.

சக்கரம் பெரிதில்லை. வெளியே தள்ளி நிற்கிறது. தள்ளுவது எது?

வளையம்!

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து விரிப்பில் ஒரு வாஷர் மிச்சம் கிடந்தாலும் மாமனார் மொத்தத்தையும் பிரித்து மறுபடி பூட்டச் சொல்வார். மிச்சம் கிடந்தால் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம். பயந்து பயந்து அவர்கள் எல்லோருக்கும் அது கையிலேயே ஊறிவிட்டது. பெட்டிக்குள் நாலு வளையம் வந்ததா, நாலையும் போட்டுவிட்டாள். வேணுமா வேணாமா என்று கேட்கவே தோன்றவில்லை.

முதலில் முன்சக்கரத்தைக் கழற்றி, வளையமில்லாமல் மாட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங் தண்டில் ரிம் உரசியது. ஆக முன்னால் வளையம் வேண்டும். திரும்ப வைத்துப் பூட்டினாள். பின்னால் இரண்டையும் உருவி எறிந்தாள். சிமெண்டுத் தரையில் அவை உருண்டு மாமனாரின் செருப்பில் முட்டி நின்றன.

"மிச்சம் கிடக்கு" என்றார் மாமனார்.

"தெரியும் மாமா. மிச்சம்தான் இருக்கணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து வளையங்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, பூட்டு" என்றார்.

நட்டுகளை எதிரெதிராக முறுக்கினாள். இரண்டு பக்கமும் புது மாவு அப்பினாள். ஐந்து பேரும் மூன்றாம் தடவையாக ஏறினார்கள். மாமியார் மட்டும், "இன்னொரு தடவை ஏறச் சொன்னா நான் இறங்கவே மாட்டேன், சாப்பாட்டை இங்கயே கொண்டுவாங்க" என்றாள்.

வேகத்தடை வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கியது.

ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை.

"மெதுவாப் போனா எதுவும் உரசாது" என்றார் சுத்தியல். குரலில் பழைய தெம்பு இல்லை.

அவள் பின்னால் எடுத்தாள். இரண்டாவது கியரில் ஏற்றினாள். வண்டி துள்ளியது, மாமியாரின் தலை கூரையைத் தொட்டு வந்தது, ஓரகத்தி "ஐயோ" என்று சுத்தியலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் உரசவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, குனிந்து பார்த்தாள். வெளியே சுண்டுவிரல் கனத்துக்கு மாவு, உள்ளேயும் அதே அளவு. நடுவே சக்கரம், உள்ளங்கையில் வைத்த மாதிரி.

தெருவென்றும் பார்க்காமல் அவள் விசிலடித்தாள்! காற்றுக் குழாயோடு கடைவாசலில் நின்றிருந்த அவள் கணவன் குழாயைத் திறந்துவிட்டுத் தன் பங்குக்குப் புஸ்ஸென்று ஊதினான்.

"நிறுத்திட்டியே, ஏன்?" என்றார் மாமனார் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. "பெரிய ரோட்டுக்கு விடு."

பெரிய ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு வருடமாகக் கட்டையின் மேல் நின்ற உடம்பு மாதிரியே இல்லை. வெள்ளி ரிம்மில் வெயில் சுற்றியது. திரும்புகிற இடங்களில் முன்பெல்லாம் சாயும், இப்போது நிமிர்ந்து திரும்பியது. மாமனார் முழங்காலில் தாளம் போட்டார். அவர் தாளம் போட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சிக்னலில் நின்றபோது பக்கத்து வேன்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பழைய வண்டிக்கு இவ்ளோ பெரிய ரிம்மு! தகட்டை எவ்வளவு வெட்டினீங்க?"

கேள்வி சுத்தியலிடம்தான் வந்தது. சின்னவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"வெட்டலைங்க. ஒரு நூல்கூட வெட்டலை."

"நீங்க போட்டதா?"

"எனக்கு அவ்வளவு வராதுங்க" என்றார் சுத்தியல். ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டினார். "ரிம்மு வேலைன்னா எங்க கடையில இவங்கதான். வண்டியக் கொண்டாங்க, இவங்ககிட்டயே பேசிக்குங்க."

பச்சை விழுந்தது.