அட்டை மட்டும் மிஞ்சிய புத்தகம்

நூலகக்காரம்மா டீச்சரின் மேசைமேல் வைத்தது ஒரு தடித்த புத்தகத்தின் வெறும் அட்டை. உள்ளே ஒரு தாள்கூட இல்லை. யாரோ பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு, அட்டையை மட்டும் சமர்த்தாக அலமாரியில் திருப்பி வைத்திருக்கிறார்கள். எடுப்பதும் வைப்பதும் பிள்ளைகளே, பதிவேடு கிடையாது; அந்த அலமாரிப் பக்கம் போன வாரம் வந்தது இந்த வகுப்பு மட்டும்தானாம்.

அட்டையில் இருந்த பாய்மரக் கப்பலைப் பார்த்ததுமே டீச்சருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு மாதமாகத் தன் மகள் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த கதை அது. மகளும் இதே வகுப்புதான். பள்ளிக்கூடத்துக்குள் அம்மா கிடையாது, டீச்சர்தான் என்பது இருவருக்குள்ளும் பேச்சு.

கூடவே வந்திருந்த தலைமையாசிரியை சுற்றி வளைக்கவில்லை. எல்லாப் பைகளையும் பார்க்கப் போகிறார். செய்தது யாராக இருந்தாலும் இந்த வருஷம் முழுக்க நூலக வாசலை மிதிக்கக் கூடாது. முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார்.

சுவரில் நட்சத்திர அட்டவணை பளபளத்தது. டீச்சரின் கைவேலை. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம், வரிசை நிரம்பினால் கலர் பென்சில் பெட்டி. பிள்ளைகள் என்ன லேசுப்பட்டவர்களா? பக்கத்துக்கு இரண்டு வரி இருக்கும் படப் புத்தகங்களாகப் பொறுக்கி எடுத்துத் தள்ளினார்கள். அட்டவணை மினுமினுத்தது, தலைமையாசிரியை பாராட்டினார், டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு வரிசைதான் காலியாகக் கிடந்தது, மகளுடையது. புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவாள் என்பதால் ‘கரையான்’ என்று பெயர் வாங்கியவள். கரையானுக்கு முட்டை என்று வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வீட்டில் டீச்சர் எரிந்து விழுந்தாள். டீச்சர் பெண்ணே இப்படி இருந்தால் யாருக்குத் தலைகுனிவு, இந்தக் குண்டுப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பதில் சின்னச் சின்னதாக நாலு படித்தால் என்ன என்று கேட்டாள். அதற்கப்புறம் மகளின் வரிசை மளமளவென்று நிரம்பியது. நட்சத்திரம் ஒட்டுவது வகுப்புத் தலைவியின் வேலை. என்ன புத்தகம் என்று டீச்சர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மனசு குளிர்ந்ததோடு சரி.

தலைமையாசிரியை மகளின் பெஞ்சுக்கு வந்துவிட்டார். இந்த பெஞ்சுப் பைகளை நானே பார்த்துவிட்டேன் என்று ஒரு பொய் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. கரையானிடமிருந்து நூலகத்தைப் பிடுங்குவது மூச்சைப் பிடுங்குகிற மாதிரி. அந்தப் பொய்யைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அதற்குள் மகளே எழுந்தாள். பையைத் திறந்து, மெல்லிய புத்தகங்களாக எடுத்து மேசைமேல் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்குள்ளும் கப்பல் கதையின் சில தாள்கள், மேலே காக்கித் தாளில் அட்டை, அதில் அவளே வைத்த தலைப்பு, முதுகில் சிவப்பு நூல் தையல். வீட்டுத் தையல் பெட்டியின் நூல்.

"சின்னச் சின்னதா படின்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்?"

தலைமையாசிரியை டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் சொன்னேன் மேடம். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. லைப்ரரிய மட்டும் அவகிட்டேருந்து பிடுங்கிடாதீங்க. அவளால தாங்க முடியாது." பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட டீச்சருக்கு இல்லை.

மகள் சுவரைப் பார்த்தாள். அவள் வரிசையில் கடைசிக் கட்டம்வரை நட்சத்திரம் இருந்தது.

"பரவால்ல டீச்சர். என் வரிசைதான் நிரம்பிடுச்சே. இனிமே எதுக்குப் படிக்கணும்?"

சொல்லிவிட்டு, பென்சில் பெட்டிக்காகக் கையை நீட்டினாள்.