டர்போ திருடி

எவுசேபியோ தார்க்கி என் பட்டறை வாசலில் காரை நிறுத்தியபோது பாதித் தெரு அவன் பின்னால் நின்றது. கூட்டத்தைத் திரட்டி வந்தவர் அந்தக் காரின் ஞானத்தகப்பன் சத்துர்னீனோ. எங்கள் மலையுச்சி ஊரான எல் ஆல்ட்டோவில் குழந்தைக்கு மட்டுமல்ல, காருக்கும் ஞானத்தகப்பன் உண்டு.

"டர்போவைக் கழட்டித் தொடைச்சுத் தரேன்னு சொல்லி, நல்லதை வித்துட்டு ஓட்டை உடைசலை மாட்டிட்டா இந்த நியேவெஸ்" என்றார் சத்துர்னீனோ. நியேவெஸ் நான்தான்; ஆனால் அவர் பேசியது என்னிடம் அல்ல, தெருவிடம்.

"கார் மேட்டுல ஏறவே மாட்டேங்குது. சுமை தூக்குற லாமா மிருகங்கூட முந்திட்டுப் போவுது" என்றான் எவுசேபியோ.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போவைத் துடைத்து மாட்டி, போன மாதம் நான் அனுப்பியபோது சீறிக்கொண்டு ஏறிய கார் அது. எங்கள் தெருவில் திருட்டுக்குப் போலீசைக் கூப்பிடும் பழக்கமில்லை. கம்பத்தில் ஒரு துணிப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிடுவார்கள். பிடிபட்டால் தனக்கும் அதே கதிதான் என்று திருடனுக்குத் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

"இப்ப என்ன சொல்லுவா தெரியுமா? இந்த உயரத்துல காத்து கம்மி, அதான் இழுக்கலேம்பா" என்றார் சத்துர்னீனோ.

"போன மாசமும் ஊரு இதே உயரத்துலதான்யா இருந்துச்சு. எவுசேபியோ, பானெட்டைத் தொறந்துட்டு வண்டியில ஏறி உக்காரு."

ஸ்டார்ட் செய்து மிதித்ததும் கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது. டீசல் வேண்டிய மட்டும் போகிறது, காற்றுதான் போதவில்லை. டர்போ காற்றைத் தள்ளவில்லை, இல்லாவிட்டால் டர்போவுக்கே காற்று வரவில்லை. வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு டர்போ வாயிலிருந்து குழாயைக் கழற்றினேன். உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் சுண்டினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, துளி ஆட்டம் இல்லை. என் வேலை சுத்தம்.

குழாயை மாட்டிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒட்டிச் சப்பையானது. காலை எடுத்ததும் பழையபடி உப்பிக்கொண்டது. அடைப்பு அதற்கு முன்னால் இருக்கிறது. ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். புளித்த பீர் நாற்றம் குப்பென்று அடித்தது. ரோஸ், மஞ்சள், பச்சை என்று பொடிப்பொடிக் காகிதமும் பூவிதழும் ஊறிக் காய்ந்து, ஃபில்டர் முழுக்கச் சுண்ணாம்பு பூசினாற்போல் கெட்டியாக இருந்தது.

"இது என்னய்யா?"

எவுசேபியோ இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "போன வாரம் கோபகபானா மாதா கோவிலுக்குக் கொண்டுபோயி, காகிதமும் பூவும் தூவி வண்டிக்கு ஆசி வாங்கினோம்ல, அதுதான்."

"ஆசி வண்டிக்கு மேல தூவுறது. உள்ள எப்படிப் போச்சு?"

"எஞ்சினுக்கும் வேணும்னு சத்துர்னீனோ அண்ணன்தான் பானெட்டைத் தொறந்து கொட்டினாரு. பீரும் ஊத்தினாரு. வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு, இழுத்துக்கிச்சு போல."

"அப்பவே எடுத்துப் போட்டிருக்கலாம்ல?"

"எடுத்தா ஆசி போயிடுமே!"

பட்டறைக்குள்ளிருந்து புது ஃபில்டரை எடுத்து வந்து மாட்டினேன். எவுசேபியோ தெருக்கோடி மேட்டில் ஏறி இறங்கி, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையை எதிர்பார்த்து நின்றேன். முட்டாள் நான்.

"பாத்தீங்களா?" என்று சத்துர்னீனோ கை தட்டினார். "கூட்டத்தைப் பாத்ததும் பயந்து, ரிப்பேர் பண்ற சாக்குல நல்ல டர்போவைத் திருப்பி மாட்டிட்டா!"

தலைகள் ஆடின. அந்த நேரத்துக்குள் டர்போ மாற்றவே முடியாது என்பது தெருவுக்குத் தெரியாது. எவுசேபியோவுக்குத் தெரியும். ஆனால் ஞானத்தகப்பனை எதிர்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான். அவரைவிட அவன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

புது ஃபில்டரைப் பிடுங்கி எறிந்தேன். காய்ந்த காகிதத்தோடு பழையதை எல்லார் கண்ணெதிரிலும் மாட்டினேன்.

"மேட்டுல ஏத்து."

"வேணாம் நியேவெஸ்..."

"ஏத்துடா!"

பாதி மேட்டில் கார் திணறியது. கறுப்புப் புகை தெருவை அடைத்தது. பெண்கள் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கார் பின்னாலேயே உருண்டு வந்து என் வாசலில் நின்றது.

"இப்ப டர்போவை நான் தொட்டேனா? சொல்லுங்க!"

தலைகள் ஃபில்டர் பெட்டிப் பக்கம் திரும்பின.

"அந்தப் பழைய ஃபில்டரைக் கழட்டிடு" என்றான் எவுசேபியோ, தாழ்ந்த குரலில்.

"நான் கையே வைக்கமாட்டேன். கொட்டினவர் எடுக்கட்டும்."

"யாரைப் பாத்துச் சொல்ற? நான் இந்தக் காருக்கு ஞானத்தகப்பன்!" என்று சத்துர்னீனோ எகிறினார்.

எவுசேபியோ காரைவிட்டு இறங்கி, என் மேசையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"அதான் உங்களைச் சொல்றா. வாங்கண்ணே."

சத்துர்னீனோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். ஃபில்டரை வெளியே எடுத்து, வாசலிலேயே உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக நகத்தால் சுரண்டினார். கூட்டம் கலையவில்லை. என்னிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. இடுப்பில் கை வைத்து அவர் தலைக்கு மேலேயே நின்றேன்.

"போதுமா?" என்றார் நிமிராமல்.

"மூலையில இன்னும் இருக்கு. சுரண்டு."