மல்லி தின்ற புழுக்கள்

“விஷத்தத் தூவிட்டு இல்லங்கியளா சித்தி?” வேல்விழி மதில் மேல் ஏறாத குறையாகக் கத்தினாள்.

“விஷமா? கோயில் புத்துமண்ணுட்டி அது. பூச்சிபொட்டு அண்டாம இருக்கத் தூவுனேன்,” என்றாள் அடுத்த வீட்டுப் பேச்சித்தாய்.

தூவியதை அவளே ஒப்புக்கொண்டதும் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கும் மாடியில் காயப்போட அன்றைக்குத் துணி நிறைய இருந்தது.

வேல்விழி கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு வளர்த்தது கறுப்பு ஈயின் புழு. காய்கறிக் கழிவைத் தின்று கொழுக்கும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகும். எம்.எஸ்சி. படித்த பெண் புழு மேய்க்கிறாளே என்று நாங்களும் ஆசைதீரப் பேசியாயிற்று. அவள் அப்பா இசக்கிப்பாண்டி கெடு வைத்திருந்தார்: கடையநல்லூர் மீன்குட்டைக்காரர் இப்ராஹீம் அன்றைக்கு வந்து பார்த்து வேண்டாமென்றால், சாயங்காலமே கொட்டகையைப் பிரித்துவிடுவார். இருபது டிரே புழுவில் பதினெட்டு டிரே அசையாமல் கிடந்தது அந்தக் காலையில்தான்.

சண்டைக்கு நடுவில் இப்ராஹீமின் பைக் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டவர் சிரித்தார்.

“வெறும் மண்ணுதானம்மா? செத்தா என்ன, காயவச்சுத் தா. மீனுக்குப் போட்டுக்கிடுதேன்.”

இசக்கிப்பாண்டிக்கே முகம் மலர்ந்துவிட்டது. டிரேயைக் கிளறிக்கொண்டிருந்த வேல்விழியின் விரலில் ஒரு வாடிய மல்லி ஒட்டியிருந்தது. முந்தின நாள் காய்கறிக் கழிவு கிடைக்காமல், பூ மார்க்கெட்டில் விலைபோகாத மல்லியை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தாள். பதினெட்டு டிரேக்குத்தான் வந்தது. மொட்டில் புழு விழக்கூடாதென்று தோட்டத்தில் மருந்தடித்த பூ. இவ்வளவு படித்த பிள்ளைக்கு அது அப்போது தோன்றவில்லை.

தலையாட்டினால் கொட்டகை நிற்கும். பழி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். தெருவே அவள் வாயைப் பார்த்தது.

“வேண்டாம் பாய். நாந்தான் மருந்தடிச்ச மல்லியப் போட்டுட்டேன். இதத் தின்னா ஒங்க மீனும் செத்துரும்.”

இப்ராஹீம் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு உயிரோடிருந்த இரண்டு டிரேயை பைக்கில் கட்டச் சொல்லிவிட்டு, இசக்கிப்பாண்டியிடம் திரும்பினார்.

“அண்ணாச்சி, பிரிக்கதுன்னா பிரிங்க. தகரத்த எங் குட்டைக்கரைக்கு அனுப்பிருங்க. பிள்ளையும் அங்கனயே வந்து வளக்கட்டும்.”

ஆவணியில் வேல்விழி கடையநல்லூருக்குக் குடிபோனாள். தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியாமல் ஐப்பசியில் அப்பாவும் பின்னாலேயே போனார். தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இளையரசனேந்தல் பக்கம் கோழிப்பண்ணை. பெண் பார்க்க வந்தவர் முதலில் புழுவைத்தான் பார்த்தாராம்.