ஆறு மணி வரைக்கும் காது கேட்காது

ஊர்வலம் வர இன்னும் நான்கு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. கழிப்பறைப் பேசினில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, இறங்காமல் நின்றது. அதன்மேல் ஒரு நீலப் பட்டுத் துணி மிதந்தது.

அவுரிஸ்தேலா துணியைப் பார்த்தாள். தலைக்கு மேலே ஜன்னல் திட்டைப் பார்த்தாள். சோப்புத்தூள் பெட்டி மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

பதினொரு நாட்களுக்கு முன் அவள் ஒரு திருட்டுச் செய்திருந்தாள். எதிர்வீட்டு எவுதோசியா அம்மாளின் (ஊர் மரியாதையில் 'தோனா') கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து குழந்தை இயேசுவைத் தூக்கி வந்துவிட்டாள். உள்ளங்கை நீளம், சுட்ட மண், கண்ணாடிக் கண்கள். மெரிதா மலையில் இது பாவமில்லை. ஜனவரி மாதத்து விளையாட்டு. யாராவது திருடத்தான் வேண்டும். திருடியவர் கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடக் கூடாது. தற்செயலாகக் கண்ணில் பட்டவரும் வாய் திறக்கக் கூடாது. குறித்த நாளில் தெருவே வயலினும் மெழுகுவர்த்தியுமாக வீடு வீடாகத் தேடி வரும். கிடைத்த குழந்தையைப் பட்டில் ஏந்திப் போய்க் குடிலில் நிற்க வைத்துப் பாடுவார்கள்.

ஏரிக்கரையின் வெக்கையிலிருந்து கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்து ஒன்றரை வருடம். தெருவில் அவளுக்கு இன்னும் பெயரில்லை. சிரோ வீட்டுக்காரி, அவ்வளவுதான். நாலு பேர் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திருட்டுதான் இந்த ஊரில் அவளாகச் செய்த முதல் காரியம். இன்று தன் வீட்டில் குழந்தை கிடைக்கும்போது ஒவ்வொருவர் முகமும் எப்படிப் போகும் என்று பதினொரு நாளாக நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் சிரோ கம்பளி தேடி அலமாரியைக் குடைந்தான். அவசரத்தில் நீலத் துணியில் சுற்றியிருந்த குழந்தையை அங்கிருந்து எடுத்து, ஜன்னல் திட்டில் சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். இன்று மதியம் மலைக்காற்று ஜன்னலைப் படார் படாரென்று அடித்தது. மூன்று நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில், அரையிருட்டில், பேசினுக்குள் பார்க்காமலே ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் துணி மேலே வந்தது.

துணியைப் பிழிந்து பாவாடைப் பையில் செருகிக்கொண்டாள். கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். பீங்கான் வளைவு தொடங்கும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. அதற்கப்பால் எட்டவில்லை.

"என்னங்க அடைப்பா?" சிரோ வாசலில் நின்றான். மலைக்காரர்கள் பெண்டாட்டியை மட்டுமல்ல, நாயைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அது தொற்றிவிட்டது.

"ஆமாங்க."

"உள்ள ஏதாவது விழுந்துச்சா?"

"தெரியலைங்க."

அவன் அவள் முகத்தையும் ஜன்னல் திட்டையும் மாறி மாறிப் பார்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு ரப்பர் பம்பை எடுத்து வந்து பேசினில் வைத்தான்.

"மெதுவா!" என்று கத்தினாள்.

"அடைப்பை எடுக்கறதுல மெதுவா என்னங்க?"

"பீங்கான் உடைஞ்சிரும்."

நான்கு முறை அமுக்கினான். தண்ணீர் அவன் சட்டைக்கு ஏறியது, அடைப்பு அசையவில்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம் என்றான். சூட்டில் பேசின் விரிசல் விடும் என்றாள். காரச் சோடா போடலாம் என்றான். நெடி தனக்கு ஆகாது என்றாள். குழந்தையின் கன்னத்துச் சிவப்புச் சாயம் சோடாவில் எத்தனை வினாடி தாங்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"அப்ப ஒரே வழிதான்" என்றான் சிரோ. "எதிர்வீட்டுல ஸ்பிரிங் கம்பி இருக்கு."

அவள் தடுப்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டான்.

கம்பி மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. தோள்மேல் கம்பிச் சுருளும் கையில் கருவிப் பெட்டியுமாக தோனா எவுதோசியாவே வந்துவிட்டாள். இரும்புச் சாமான் கடைக்காரரின் விதவை. கடையை மூடினாலும் கருவிகளை விற்காதவள். தேடும் ஊர்வலத்துக்கு இன்று தலைவியும் அவள்தான்.

"எங்க இருக்காரு நோயாளி?" என்று கேட்டுக்கொண்டே பேசின் முன்னால் மண்டியிட்டாள். "என்னய்யா, தொண்டையில என்ன மாட்டியிருக்கு? சிரோ, நீங்க தள்ளுங்க. உங்க முதுகுல பாதி வெளிச்சம் போயிருது. மகளே, விளக்கப் பிடிங்க. ஏன் பின்னால போறீங்க? நான்தானே கை விடப் போறேன்?"

கம்பி சுழன்று சுழன்று உள்ளே போனது. வளைவின் உச்சியில் நின்றது.

டொக்.

"கெட்டி" என்றாள் தோனா, கண்கள் மின்ன. "துணியில்ல, காகிதமில்ல. நல்ல கெட்டிச் சாமான். ஒரே குத்து, அந்தப் பக்கம் போயிருவாரு." கம்பியைப் பின்னுக்கு இழுத்து இரண்டு கையாலும் ஓங்கினாள்.

"குத்தாதீங்க!" அவுரிஸ்தேலாவின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. "குத்தாதீங்க, உள்ள குழந்தை இருக்கு! உங்க குழந்தை! நான்தான் திருடினேன்!"

கம்பி அந்தரத்தில் நின்றது.

"தோனா, அது வந்து..." என்று ஆரம்பித்தான் சிரோ.

"வாய மூடுங்க!" தோனா அவனை நோக்கிக் கம்பியை நீட்டினாள். "நான் எதையும் கேக்கலை. ஆறு மணி வரைக்கும் எனக்குக் காது கேக்காது. தேடப் போறவ காதுல முன்கூட்டி விழுந்தா வருஷம் பூரா வீட்டுக்கு ஆகாது. இந்த வீட்டுல யாரும் குழந்தையப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாம அடைப்பு எடுக்கறோம். அவ்வளவுதான்."

"இல்ல தோனா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீங்க மலையில பொறந்தவரா இல்லையா?"

சிரோ வாயை மூடிக்கொண்டான்.

"தள்ளக் கூடாதுன்னா, கழட்டணும்" என்றாள் தோனா. வேலை சொல்வது போல இல்லை, விருந்துக்குக் கூப்பிடுவது போல இருந்தது அவள் குரல். "எத்தனை மணி?"

"மூணே கால்."

வேலை பறந்தது. பேசின் தண்ணீரை அவுரிஸ்தேலா குவளையால் மொண்டு வாளியில் ஊற்றினாள். சிரோ தொட்டிக் குழாயை மூடி இணைப்பைக் கழற்றினான். அடியில் இரண்டு போல்ட். ஒன்று சுலபமாகச் சுழன்றது. மற்றொன்று துருவேறித் தரையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்தார்கள். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி எண்ணெய். தோனா வைத வசவில்கூட மரியாதை குறையவில்லை: "கழுதைக்குப் பொறந்தவரே, கொஞ்சம் தயவு பண்ணுங்க!" நாலரை மணிக்கு நட்டு கிறீச்சிட்டு அரைச் சுற்று நகர்ந்தது. மூவரும் கூத்தாடினார்கள்.

விளிம்புச் சிமெண்டை உளியால் சுரண்ட இன்னும் ஒரு மணி நேரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கிக் கம்பளிமேல் கவிழ்த்தார்கள். நல்ல கம்பளி. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தோனா பேசினின் அடித்துளைக்குள் கையை விட்டாள்.

"தட்டுப்படுது! உருண்டையா இருக்கு. தலைதான்." விரலால் தடவினாள். முகம் மாறியது. "ஆனா வழுக்கையா இருக்கே. எங்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் யாரையும் சொல்லலை. ஆனா முடி இருக்கணும். சுருட்டை முடி."

சாயமும் முடியும் கரைந்துவிட்டன என்று அவுரிஸ்தேலா நினைத்தாள்.

"ஆட்டுங்க. இடது பக்கம். இன்னும். சாய்ங்க!"

பீங்கானுக்குள் உருளும் சத்தம். நின்றது. மறுபடி உருண்டது. அவுரிஸ்தேலா இரு கைகளையும் துளைக்குக் கீழே குவித்தாள். கனமாக, குளிர்ச்சியாக, வழவழவென்று ஒன்று அவள் கைகளில் வந்து விழுந்தது.

சவர சோப்பு டப்பா. உருளையான தகரம். சிரோவுடையது.

மூவரும் அதையே பார்த்தார்கள். ஜன்னல் திட்டில் சோப்புத்தூள் பெட்டிக்குப் பக்கத்தில் அது தினமும் நின்றது. காற்று தள்ளியிருக்கிறது. அது இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை.

அப்படியானால் குழந்தை வளைவில் நிற்கவில்லை. முன்னாலேயே போய்விட்டது. வாளித் தண்ணீரோடு, தரைக்கடியில், தெருக் குழாயில், மலைச் சரிவு முழுக்க. அவுரிஸ்தேலா தரையிலிருந்த வெறும் துளையைப் பார்த்தாள். கண்ணீர் டப்பாவின்மேல் சொட்டியது. தோனா அவள் தலையில் ஈரக் கையை வைத்தாள். சிரோ வாயைத் திறந்தான், தோனாவைப் பார்த்தான், மூடினான்.

தெருமுனையில் வயலின் கேட்டது. பின்னாலேயே நாலு தந்திக் கித்தார், குழந்தைகளின் கூச்சல், பாட்டு. எவுதோசியா எங்கே, தலைவி இல்லாமல் எப்படித் தேடுவது என்று யாரோ கத்தினார்கள். செருப்புச் சத்தம் அவர்கள் வாசற்படி ஏறியது.

"நானே சொல்லிடறேன்" என்று அவுரிஸ்தேலா எழுந்தாள். பாவாடைப் பையிலிருந்து நீலத் துணியை எடுத்து இரண்டாக மடித்தாள். "எல்லார் முன்னாடியும் சொல்றேன். நான் திருடினேன், நானே தொலைச்சேன்னு."

கோவில் மணி அடித்தது. தோனா விரல் விட்டு எண்ணினாள். ஆறாவது அடி ஓயும்வரை பொறுத்தாள். பிறகு இரண்டு காதையும் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"இப்பக் காது கேக்குது" என்றாள். "சிரோ, மூணு மணி நேரமா மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடறீங்களே. என்னதான் அது?"

"மாவு டின்னுல இருக்காரு" என்றான் சிரோ ஒரே மூச்சில். "காலையிலேயே பார்த்தேன். கக்கூஸ் பக்கத்துல படுக்க வைக்க எனக்கு மனசு வரலை. துணி ஈரமா இருந்துச்சு, அதை அந்த ஜன்னல் திட்டுலயே காய வெச்சிட்டு, என் கைக்குட்டையில சுத்தி, கோதுமை மாவுக்குள்ள தூங்க வெச்சிருக்கேன்."