முதல் வரியில் விழுந்தவள்

அந்த ஹேண்ட்பால் அணியில் அவளை எல்லோரும் ஸ்டெப்னி என்றுதான் கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ளவும் முடியாது, மாற்று கோல்கீப்பராக உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலையே. முதல் கோல்கீப்பர் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அறை, ஒரே அலமாரி. மூன்று வருடமாக அக்கா கோலில் நிற்க, தங்கை பெஞ்சில் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருடம் அணிக்கு மனப்பயிற்சி கொடுக்க ஒரு அம்மாள் வந்தார். வந்த இரண்டாம் நாளே அவருக்கு மனசு மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கொடுத்த வேலை இதுதான்: களத்தில் நடக்கப்போவதை, இப்போதே நடந்துகொண்டிருப்பதுபோல ஆளுக்கொரு காட்சியாக எழுத வேண்டும், அதைச் சொந்தக் குரலில் போனில் பதிவு செய்து தினமும் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். மனசு பலமுறை போய்வந்த இடத்துக்கு உடம்பு தயங்காமல் போகும் என்றார்.

மற்றவர்களுக்கு என்ன கஷ்டம்? காட்சியில் கோல் போட்டார்கள், கைதட்டு வாங்கினார்கள், முடிந்தது. ஸ்டெப்னிக்கு முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. 'நான் களத்துக்குள் ஓடுகிறேன்' என்று எழுதினாள். எதற்காக ஓடுகிறாய் என்று அவள் மனசே கேட்டது. கேட்காமலா விடும்? அக்காவுக்குக் காய்ச்சல் என்று எழுதிப் பார்த்தாள். அப்படியென்றால் ஆட்டம் தொடங்கும்போதே இவள் நிற்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்து திடீரென்று எழுந்து போகும் பயிற்சி எங்கே கிடைக்கும்? நடுவர் அக்காவைத் தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே அனுப்புவதாக மாற்றினாள். மூன்றாவது நிமிடம் அக்கா ஜம்மென்று திரும்பி வந்து நின்றாள். கற்பனையில்கூட அந்தப் பெண் இடத்தைவிட்டு நகரவில்லை!

"மேடம், என் சீன் ஒட்டவே மாட்டேங்குது" என்று போய் நின்றாள்.

"இன்னும் துல்லியமா எழுதும்மா. சத்தம், வாசனை எல்லாம் வரட்டும்" என்றார் அவர். எதை எழுதப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

கடைசியில் அக்காவின் முழங்காலிலேயே கைவைத்தாள். 'அக்கா விழுகிறாள். முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். விசில். நான் எழுகிறேன். கோலுக்குப் போகிறேன். முதல் பந்து இடப்பக்கம், தாழ்வாக வருகிறது.' இப்படி நான்கு நிமிடம் ஓடியது. இந்த முறை காட்சி கச்சிதமாக ஒட்டியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் அக்கா குளிக்கப் போனதும் அதைக் கேட்டாள். கேட்டால் பதட்டம் அடங்கியதென்பதை மறைப்பதற்கில்லை.

அரையிறுதியில் பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, சொல்லிவைத்தாற்போல் அக்கா விழுந்தாள். முழங்கால்தான். ஸ்டெப்னி எழுந்தாள், போனாள், நின்றாள். வந்த பத்துப் பந்தில் ஏழைத் தடுத்தாள். அணி இறுதிப்போட்டிக்குப் போனது. கோச் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான்.

இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் மதியம், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அக்கா கையை நீட்டினாள்.

"போனைக் குடுடி. உன் பதிவைக் கேக்கணும். அப்படி என்னத்த எழுதி வச்சிருக்க? பதட்டமே இல்லாம நின்னியே!"

"அது அழிஞ்சிருச்சுக்கா."

"காலைலகூட காதுல மாட்டிட்டு உக்காந்திருந்த. பாட்டா கேட்டுட்டு இருந்த?"

தங்கை போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இதைக் கேட்டால் அக்கா ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அக்கா பேசாத வீட்டிலிருந்து கிளம்பிப் போய் நாளைக்கு எப்படி ஆடுவது? ஆனால் அக்காவிடம் அவள் பொய் என்றைக்கு நின்றிருக்கிறது? கொடுத்துவிட்டாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு இயர்போனைக் கழற்றினாள்.

"கரிநாக்குடி உனக்கு" என்று சிரித்தாள்.

தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நெசமா நடக்கணும்னு நினைக்கலக்கா. சத்தியமா."

"அட லூசு! நீ நினைச்சா என் மூட்டு விலகிடுமா? அவ்வளவு பெரிய ஆளா நீ?"

போன உயிர் திரும்பி வந்தது தங்கைக்கு. அக்கா மட்டும் இயர்போன் வயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அது இல்லடி. இதுல நான் விழுறேன், விசில் அடிக்குது, நீ நேரா கோலுக்குப் போற. அன்னிக்கும் அப்படியேதான் போன. கீழ கிடக்கேன், உன் கால் என் முகத்தைத் தாண்டிப் போகுது. நீ ஒரு தடவை குனிஞ்சு என்னைப் பாப்பேன்னு நினைச்சேன்."

"குனிஞ்சிருந்தா எல்லாம் கலைஞ்சிருக்கும்க்கா."

"தெரியும். நானா இருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன்."

தங்கை போனை வாங்கிக்கொண்டாள். "குனிஞ்சு பாக்கறதா ஒரு வரி சேத்துடறேன்க்கா. இப்பவே சேத்துடறேன்."

"சேக்காத. சேத்தா நாளைக்கு முதல் பந்தே உள்ள போயிரும்."

சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கப் பார்த்தாள். கால் இடம் கொடுக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.