கடைசிப் பக்கத்து நாத்தனார்

“கடைசியில பார்த்தா அந்தக் குதிரைதான் அவளோட அம்—”

“வாயை மூடு! மூடுன்னா மூடு!”

“—மா. என்ன அண்ணி இது, நான் என்ன கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்?”

“கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்டி! முடிவைச் சொல்லிட்டியே, முடிவை!”

“கண்ணுல பட்டுது, சொன்னேன். கண்ணுல பட்டதைச் சொல்றதுக்குக் கூட இந்த—”

“கண்ணுல பட்டா கண்ணோட நிக்கட்டும்! அதை எதுக்கு நாக்கு வரைக்கும் கூட்டிட்டு வரே?”

நூலகத்தின் கவுன்டருக்கு அந்தப் பக்கம் தேதி குத்துகிற ரப்பர் சீலைக் கையில் பிடித்தபடி நாத்தனார். இந்தப் பக்கம் மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க அண்ணி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தடித்த புத்தகம். அதைத் தள்ளிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றாள் ஒரு பெண். பதினான்கு வயது இருக்கும். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள்.

“ஊஹூம்.”

அவ்வளவுதான். திரும்பி நடந்து, ஜன்னலோரம் கிடந்த பழைய சோபாவில் போய் விழுந்தாள்.

“போச்சு” என்றாள் அண்ணி. “விடுமுறை முழுக்க நான் பாடுபட்டது எல்லாம் போச்சு.”

ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இவர்கள். வேலை கிடைத்தது வேறு வேறு வருஷத்தில். சண்டை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே தொடங்கியது. இளைஞர் பகுதி அண்ணியுடையது. டிராகன், மந்திரக்கோல், மிதக்கும் தீவு, பேசும் ஓநாய் என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாயாஜால நாவல்கள் அங்கே செங்கல் செங்கலாக அடுக்கி இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்தச் செங்கல் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது அண்ணியின் வேலை. சீல் குத்தி வெளியே அனுப்புவது நாத்தனாரின் வேலை.

கோளாறு அங்கேதான். திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்துகிற சீட்டு, புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளே ஒட்டியிருக்கும். பின்னட்டையைப் புரட்டினால் எதிரே கடைசிப் பக்கம். சீல் குத்துகிற நேரத்துக்குள் நாத்தனாரின் கண் அந்தப் பக்கத்தின் கடைசி நான்கு வரிகளை நக்கி எடுத்துவிடும். நாலு வரியையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு ‘ஊஹூம்’ என்று பெயர் வைத்தவளும் நாத்தனார்தான். எதிர்க் கட்டிடத்து கிளினிக்கில் நர்ஸாக இருக்கிற அம்மா, பள்ளி விடுமுறை என்பதால் மகளைத் தினமும் காலையில் இங்கே விட்டுவிட்டுப் போவாள். மகள் சோபாவில் கிடப்பாள், மின்விசிறியைப் பார்ப்பாள், அண்ணி எதை நீட்டினாலும் “ஊஹூம்” என்பாள். இன்றோடு விடுமுறை முடிகிறது. பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில். இனி அவள் இந்தப் பக்கம் வரப் போவதில்லை. ஒரு பிள்ளையைக்கூட வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று வீட்டிலும் பஸ்ஸிலும் பீற்றிக்கொள்கிற அண்ணிக்கு இந்தப் பெண் தொண்டையில் மாட்டிய முள்.

இன்று காலையில்தான் முள் அசைந்தது. உப்பு வயல் நடுவில் தனியாக வளர்கிற பெண், தன்னிடம் இருந்த ஒரே குதிரையை ஒரு கூடை உப்புக்கு விற்றுவிடுகிற கதையை அண்ணி சொன்னாள். குதிரையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குதிரை திரும்பிப் பார்க்கிறது. அதன் கண்ணில் தண்ணீர். அந்த இடத்தில் டக்கென்று நிறுத்தினாள். அண்ணியின் வித்தையே அதுதான், உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஏணியை எடுத்துவிடுவது. ஊஹூம் எழுந்து, புத்தகத்தைத் தானே கையில் எடுத்து, கவுன்டர் வரைக்கும் நடந்தும் போய்விட்டாள். அப்புறம் நடந்ததுதான் குதிரை அம்மா ஆன கதை.

கண்ணாடி அறையிலிருந்து தலைமை நூலகர் பேனாவால் கண்ணாடியைத் தட்டினார். சண்டை கிசுகிசுப்புக்கு இறங்கியது.

“இன்னிக்கு அவ வெறுங்கையோட போனா, ராத்திரி சமையல் உன் தலையில.”

“தினமும் என் தலையிலதானே அண்ணி இருக்கு?”

“பேசாதே. நான் போய்ச் சரிபண்றேன். நீ அந்தச் சீலை மட்டும் பார்த்துக் குத்து.”

அண்ணி கை நிறையப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு சோபாவுக்குப் போனாள்.

“இதைக் கேளு. ஒரு ஊர். அந்த ஊருக்குத் தரையே கிடையாது. வீடெல்லாம் மேகத்துல நங்கூரம் போட்டு நிக்குது. ஒரு நாள் காலையில ஒரு பையன் எழுந்து பார்க்கறான், அவன் வீட்டு நங்கூரத்தை யாரோ அறுத்துட்டாங்க! வீடு மெதுவா, மெதுவா…” அண்ணி கைகளை விரித்து, முட்டியை மடக்கி, தரையை நோக்கி மிதந்தாள். முட்டி சொடக்குப் போட்டது. “குனிஞ்சு கீழே பார்க்கறான். பார்த்தா—”

நிறுத்தினாள்.

“தரை இருக்கும்” என்றாள் ஊஹூம்.

“என்னது?”

“கீழே தரை இருக்கும் மேடம். பெரியவங்க இத்தனை நாளா பொய் சொல்லியிருப்பாங்க.”

“அட, அப்படியா!” என்று அண்ணியின் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டாள். “சரி, அது போகட்டும். இது வேற. சமையல்காரி ஒருத்தி சந்தையில ஒரு நீல முட்டை வாங்கறா. அதை உடைக்கப் போறப்போ—”

“உள்ளேருந்து தட்டும். டிராகன். அவகிட்ட மட்டும் பேசும்.”

“சரி, இது. ஒரு அனாதைப் பொண்ணு—”

“தோள்ல மச்சம். ராஜா வீட்டுப் பொண்ணு.”

“நான் இன்னும் மச்சத்துக்கே வரலையேம்மா!”

“இருக்குல்ல?”

அண்ணி புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. “இருக்கு.”

“நீங்க நிறுத்தற இடத்துலயே எனக்கு மிச்சம் தெரிஞ்சுடுது மேடம். நான் என்ன பண்றது?” அந்தப் பெண் நிஜமாகவே வருத்தமாகத்தான் கேட்டாள். பிறகு கவுன்டர் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “அந்த அக்கா சொன்னது மட்டும்தான் ஒத்து வரலை.”

“எது?”

“குதிரை. அது அம்மான்னா விக்கும்போது ஏன் சும்மா இருந்துச்சு? உதைச்சிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அம்மாவையே ஒரு கூடை உப்புக்குத் தள்ளிவிட்டிருக்கா, அது பாட்டுக்கு அழுதுட்டே போகுது. எங்க அம்மாவா இருந்தா ஊரைக் கூட்டியிருக்கும்.”

விடுமுறை முழுக்க அவள் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. சத்தம் போட்டால் பறந்துவிடுகிற பறவையைப் பார்க்கிற மாதிரி அண்ணி மெல்ல எழுந்தாள். “வா. அவளையே கேட்போம்.”

“என்னை ஏன் கேக்கறீங்க?” என்றாள் நாத்தனார். “வாயை மூடச் சொன்னீங்க, மூடிட்டேன்.”

“திறடி.”

“இப்படித்தான் அண்ணி நீங்க எங்க அண்ணனையும்—”

“குடும்பக் கதை வேண்டாம். குதிரைக் கதை.”

நாத்தனார் பின்னட்டையைப் புரட்டினாள். “‘அம்மா, என்று முதல் தடவையாகக் கூப்பிட்டாள். குதிரை நின்றது. அதன் கழுத்தில் அந்தச் சிவப்பு ரிப்பன் இன்னும் இருந்தது.’ அவ்வளவுதான்.”

“ரிப்பனா?” ஊஹூம் அண்ணியின் பக்கம் திரும்பினாள். “ரிப்பன் எங்கே வந்துச்சு?”

“ரிப்பனே கிடையாதேம்மா! உப்பு வயல்ல ரிப்பனுக்கு எங்கே போறது?”

“‘அந்த’ ரிப்பன்னு போட்டிருக்கு அண்ணி. இங்கே பாருங்க. அப்போ முன்னாடியே வந்திருக்கணும்.”

“நான் படிச்ச வரைக்கும் வரலைடி!”

சொன்ன பிறகுதான் அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊஹூம் கவனிக்கவில்லை, அவள் அந்தக் கடைசிப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னொண்ணு படிங்க. வேற புத்தகம்.”

“எது?”

“எதுவோ ஒண்ணு!”

நாத்தனார் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பின்பக்கம் திறந்தாள். “‘டிராகன் தன் கடைசிப் பல்லைக் கழற்றி அரசனிடம் கொடுத்தது. பத்திரமாக வைத்திருங்கள், கல்யாணத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றது.’”

ஊஹூம் முதலில் கண்ணை விரித்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் கவுன்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. “யார் கல்யாணத்துக்கு?”

“எனக்கென்ன தெரியும்? பத்திரிகை எனக்கு வைக்கலை.”

கால்பந்து உடையோடு வந்த இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பரீட்சைப் புத்தகத்தில் முகம் புதைத்திருந்த ஒரு அக்கா நிமிர்ந்தாள். “எனக்கு ஒண்ணு படிங்க!” “இது, இது!” என்று ஆளுக்கொரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுன்டரை மொய்த்தார்கள். நாத்தனாருக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. சீலை மேசையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே படித்தாள்.

“‘எல்லோரும் போன பிறகு, வில்லன் மட்டும் உட்கார்ந்து பாத்திரம் கழுவினான்.’”

“ஏன்? ஏன்?”

“‘ஆகையால் அன்று முதல் அந்த நாட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.’”

“ஐயோ, என்னதான் ஆச்சு அந்தக் கதவுக்கு!”

“‘நிழலை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இம்முறை அது கடிக்கவில்லை.’”

“அப்போ போன தடவை கடிச்சுதா?”

ஒரு கால்பந்துப் பையன் சிரித்துச் சிரித்து அலமாரியில் இடித்துக்கொண்டான். தலைமை நூலகர் கதவைத் திறந்துகொண்டு விடுவிடுவென்று வந்தார். எல்லோரும் கப்சிப். அவர் கூட்டத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பல்லு… அரசன் திருப்பிக் கொடுத்தானா?”

“தெரியலை சார். படிச்சாத்தான் தெரியும்.”

“அப்படியா. அப்போ அதை என் பேர்ல போடுங்க.” டிராகனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அண்ணி ஓரமாக நின்றாள். வருஷக்கணக்கில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, முட்டி சொடக்குப் போட மிதந்து, ஓநாய் மாதிரி ஊளையிட்டுச் சேர்த்த கூட்டத்தை இவள் நாலு நாலு வரியில் வாரிக்கொண்டுவிட்டாளே என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பாத்திரம் கழுவுகிற வில்லன் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறான். அந்தக் கதையில் அவனை எரிமலை வாயில் தொங்கவிட்டல்லவா நிறுத்தியிருந்தாள்!

“எரிமலையிலேருந்து எப்படிடி பாத்திரத்துக்கு வந்தான்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஊஹூம் இந்தத் தடவை விடவில்லை.

“மேடம், உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரியாம என்ன. அதை… நீங்கதான் படிச்சுத்…”

“அண்ணிக்கா?” என்றாள் நாத்தனார். “அவங்க போடற காபியையே அண்ணி பாதிதான் குடிப்பாங்க.”

“நான் என்னடி பண்ணுவேன்?” அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “நல்ல இடம் வந்தா யார்கிட்டயாவது சொல்லாம இருக்க முடியலை. ஓடி வந்து சொல்லுவேன். சொன்ன உடனே இந்தப் பிசாசுங்க புத்தகத்தைப் பிடுங்கிட்டுப் போயிடும். எல்லாம் ஒரே ஒரு பிரதி. அது திரும்பி வர்றதுக்குள்ள நான் வேற ஒண்ணுல மாட்டியிருப்பேன்!”

“அப்போ மேடத்துக்கு ஆரம்பம் மட்டும் தெரியும்” என்றாள் ஊஹூம் மெதுவாக. “அக்காவுக்கு முடிவு மட்டும் தெரியும்.”

“ஆமா.”

“நடுவுல என்ன ஆச்சுன்னு இந்த லைப்ரரியிலேயே யாருக்கும் தெரியாது?”

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் விழித்தது கல்யாண போட்டோவுக்குப் பிறகு இப்போதுதான்.

ஊஹூம் குதிரைப் புத்தகத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இதைக் குத்துங்க அக்கா.”

அண்ணி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வாய் காது வரைக்கும் போகத்தான் செய்தது. ஆனால் அவளுடைய வலது கை, யாரையும் கேட்காமல், புத்தகத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு ரிப்பன் எங்கே வருகிறது? உப்பைக் கொடுத்து வாங்கினவன் யார்?

“இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் நான் வச்சுக்கிட்டு…”

“அண்ணி, கையை எடுங்க.”

“நாளைக்கே உங்க அம்மாகிட்ட கொடுத்து அனுப்பறேன்மா. சத்தியமா.”

“நீங்க எங்கே முடிக்கப் போறீங்க?” என்றாள் ஊஹூம். “நல்ல இடம் வந்ததும் யார்கிட்டயாவது சொல்லிடுவீங்க.”

நாத்தனார் அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சீல் விழுந்தது. அதே சமயம் வாசலில் நர்ஸ் உடையில் அம்மா வந்து நின்றாள். “கிளம்பலாமா? என்ன இங்கே இவ்வளவு கும்பல், யாருக்காவது மயக்கமா?”

கவுன்டரிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் மகள் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அம்மா அவள் கையில் என்ன என்று பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளின் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கினாள்.

“சீக்கிரம் படிச்சுட்டு நீயே கொண்டு வா!” என்று அண்ணி கூப்பிட்டாள்.

“நான் மெதுவாத்தான் படிப்பேன் மேடம்” என்று படியிலிருந்து குரல் வந்தது. தலை நிமிரவில்லை.

அண்ணி வாசலுக்கு ஓடினாள். கண்ணாடி மார்பில் விழுந்து தொங்கியது. பின்னாலேயே சீலும் கையுமாக நாத்தனார், அவளுக்குப் பின்னால் கால்பந்துப் பையன்கள். தாயும் மகளும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போயாயிற்று. மகள் விளக்குக் கம்பத்தில் இடிக்கப் போனாள், அம்மா இழுத்தாள், மகள் படித்துக்கொண்டே விலகினாள். பக்கத்தைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். திடீரென்று நட்ட நடு நடைபாதையில் அப்படியே நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி கைகளைக் குவித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“ரிப்பன் வந்துடுச்சாடி?”